அத்தை வீடியோவுக்கு வரவில்லை

ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை, சோற்றை வடிக்கப் போனவள் சமையலறைப் படியில் வழுக்கினேன். விழவில்லை. தண்ணீர் டிரம்மை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கஞ்சி மட்டும் தரையெல்லாம் ஓடியது. அன்று ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் அந்தப் படியைப் பார்த்தபடி நின்றார்.

"பாப்பா வர்றதுக்குள்ள இத இடிச்சிக் கட்டிடணும்" என்றார்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு அகலமில்லாமல் நீளமாகப் பின்னால் போகும். முன்னால் ஓர் அறை. அடுத்து மாமாவின் தறி இருக்கும் கூடம். அதைத் தாண்டி ஒரு படி இறங்கினால் சமையலறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மழை பெய்தால் அடுப்பின் மேலேயே ஒழுகும். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் பழைய செங்கல் சுவர் ஒன்று, அதன்மேல் ஏற்றிய பரணில் வீட்டுப் பித்தளைச் சாமான்கள்.

நானும் அவரும் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுப் பார்த்தோம். சிங்க் எங்கே, சிலிண்டர் எங்கே, குழந்தைக்கு வெந்நீர் வைக்கத் தனி அடுப்பு எங்கே என்று. நான் கேட்டது இரண்டுதான். படி இருக்கக் கூடாது. நடுச்சுவரில் ஒரு ஜன்னல் வேண்டும். அடுப்படியில் நின்றால் கூடத்தில் கட்டப்போகும் தூளி எனக்குத் தெரிய வேண்டும்.

அத்தை தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் சொன்னார்.

"வயித்துல புள்ள இருக்கச்ச வீட்டை இடிக்கக் கூடாதும்மா. நாங்கல்லாம் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டோம்."

"அதெல்லாம் பார்த்துக்கினு இருந்தா மழை வந்துடும்மா" என்றார் என் கணவர்.

"சொல்றத சொல்லிட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. கடைசியில், வளைகாப்பு முடிந்து நான் அம்மா வீட்டுக்குப் போன பிறகு இடிப்பது என்று முடிவானது. நான் அந்த வீட்டில் இல்லையென்றால் அத்தையின் பேச்சையும் மீறினதாக ஆகாது என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டோம். வாலாஜாபாத்துக்குக் கிளம்பும்போது அத்தை என் நெற்றியில் திருநீறு பூசினார். முகத்திலிருந்து எதுவும் புரியவில்லை.

தினமும் நானும் என் கணவரும் வீடியோவில் பேசுவோம். முதலில் எல்லாவற்றையும் காட்டினார். ஷீட்டைப் பிரித்த பிறகு தெரிந்த வானம், மண் கொட்டி மேடாக்கிய தரை, மேஸ்திரியின் கை அசைவு. பிறகு ஒரு நாளிலிருந்து போன் ஒரே மூலையைத்தான் காட்டியது. புதிதாகப் பூசிய பக்கச் சுவர். அடுத்த நாளும் அதே சுவர்.

"அத்தை எங்க?"

"குளிக்கிறாங்க."

மறுநாள் கோயிலுக்குப் போயிருந்தார். அதற்கு மறுநாள் தூங்கிக்கொண்டிருந்தார். நான் விடாமல் கேட்டதும் ஒரு நாள் குரல் மட்டும் வந்தது. "நல்லாக்கீறியாம்மா? வேளாவேளைக்குச் சாப்பிடு." அவ்வளவுதான். போன் திரும்ப அவர் கைக்குப் போய்விட்டது.

"உன் மாமியாருக்கு, தன் பேச்சை யாரும் கேக்கலன்னு கோவம். வேற ஒண்ணும் இல்ல, விடு" என்றாள் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த வாரம் ஸ்கேனில் பனிக்குடத் தண்ணீர் கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழந்தை அசைகிறதா என்று வயிற்றில் கை வைத்தபடியே இருப்பேன். அசையாமல் இருந்தால் அத்தை சொன்னது ஞாபகத்துக்கு வரும். அசைந்ததும் அவர்மேல் கோபம் வரும்.

ஒருநாள் காலை பேசிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். என் கணவரின் குரலுக்குப் பின்னால் தறிச் சத்தம் இல்லை. யோசித்துப் பார்த்தால் பல நாளாகவே கேட்கவில்லை.

"தறி ஏன் ஓடல?"

"பாவு தீந்துடுச்சு. வேற பாவு வரணும்."

நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள்தான். ஆனாலும் அந்த வீட்டில் இருந்த நாட்களில் தறியில் ஏற்றும் ஒரு பாவு நூலில் மூன்று புடவை நெய்யலாம், ஒரு புடவைக்கு மாமாவுக்கு ஒரு மாதம் பிடிக்கும் என்பதாவது தெரிந்திருந்தது. நான் கிளம்பும்போது மாமா முதல் புடவையையே பாதிதான் நெய்திருந்தார். என் கணவர் என்னிடம் பொய் சொல்கிறார் என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்த முதல் தடவை அது.

"நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வரேன்" என்றேன் அம்மாவிடம்.

"ஒம்பதாம் மாசத்துலயா? பைத்தியமா உனக்கு?"

"நீ வரலன்னா தனியா போறேன்."

தெருமுனை ஆட்டோவில் அம்மாவும் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் அத்தையைத் திட்டிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் ஆட்டோக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதையும் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

கதவு திறந்திருந்தது. கேஸ் அடுப்பு முன்னறைக்கு வந்திருந்தது. மாமா தரையில் உட்கார்ந்து கத்திரிக்காயைப் பெரிய பெரிய துண்டுகளாக வெட்டிக்கொண்டிருந்தார். கூடத்தில் தறியைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். நடுச்சுவர் பாதிதான் இருந்தது. பரணே இல்லை. மீதிச் சுவரைச் சவுக்குக் கட்டைகள் தாங்கி நின்றன. சமையலறைக்கு மேலே கட்டியிருந்த நீலத் தார்ப்பாயில் மழைத்தண்ணீர் தேங்கித் தொங்கியது.

மூலையில் நாற்காலியில் அத்தை. என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்து வலது கையை மூடினார். அதற்குள் பார்த்துவிட்டேன். முழங்கையிலிருந்து விரல்வரை மாவுக்கட்டு.

"யாரு உன்ன வரச் சொன்னது?" என்று சத்தம் போட்டார். "இந்த நெலமையில, இந்த மழையில!"

"கைக்கு என்ன ஆச்சு அத்தை?"

"ஒண்ணும் இல்ல. வழுக்கி விழுந்துட்டேன்."

"அதுகிட்ட இன்னும் எதுக்குப் பொய்?" என்றார் மாமா. கத்திரிக்காயைக் கீழே வைத்தார். "ஜன்னலுக்குச் செவுர ஒடைச்சாங்கம்மா. மேல இருக்கிற பரணுக்கு முட்டுக் குடுக்கல. சாமானை எடுத்துக்கினு வந்துடறேன்னு இவ உள்ள போனா. அப்படியே செவுரும் பரணும் சேர்ந்து வந்துடுச்சு. தலையில விழவேண்டியது, கையில விழுந்துது."

நான் கேட்ட ஜன்னல். சொன்ன மாதிரியே நடந்துவிட்ட அத்தையின் வார்த்தை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து நெஞ்சில் உட்கார்ந்தன. அடிவயிறு கல்லாக இறுகியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அத்தை என்னைப் பார்க்காமல் பேசினார்.

"இடிக்காதீங்கன்னு சொன்னவ நான்தானே. சொன்ன மாதிரியே ஆயிடுச்சுன்னா நீ இன்னா நெனப்ப? அடுத்தது வயித்துல இருக்கிறதுக்குத்தான்னு பயந்துக்குவ. அதான் கொழந்தை பொறக்கிற வரிக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு எம்புள்ளகிட்ட சத்தியம் வாங்கிக்கினேன்." இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது எங் கையோட போச்சும்மா. அதுக்கு மேல உனக்கு ஒண்ணும் ஆவாது."

வாசலில் ஈரப் புடவையோடு நின்ற அம்மா உள்ளே வந்து மாமாவுக்கு முன்னால் இருந்த கத்தியையும் தட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு காயை நறுக்கி முடிப்பதற்குள் நான், "அம்மா" என்றேன். வயிற்றின் இறுக்கம் விடவே இல்லை. கால் வழியாக வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது.

ஆட்டோக்காரர் மழைக்காக வாசலிலேயே ஒதுங்கியிருந்தது எங்கள் நல்ல காலம். வேண்டாம் என்று எல்லோரும் சொல்லியும் அத்தை ஏறிக்கொண்டார். மாவுக்கட்டைப் பிளாஸ்டிக் பையில் நுழைத்துக்கொண்டு, இடது கையால் என் கையைப் பிடித்தபடி வந்தார். வலி வரும்போது நான் அந்தக் கையை நெரித்தேன். அவர் விடவில்லை. ஆஸ்பத்திரியில் குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது, ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார்கள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு பயத்தை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. என்னிடம் சொன்ன தைரியத்தில் கொஞ்சம்கூட அவர் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.

பெண் குழந்தை. எடை குறைவு. கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள். கம்பெனியிலிருந்து ஓடிவந்த என் கணவர், ஆபரேஷன் முடியும்வரை வெளியில் அத்தை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பிறகு சொன்னார். அவர் பொய் சொன்னதைப் பற்றி நான் கேட்க வைத்திருந்த கேள்விகளை அத்தோடு விட்டுவிட்டேன்.

குழந்தையோடு வாலாஜாபாத்துக்கே திரும்பினேன். மழை ஓய்ந்த பிறகு வேறு மேஸ்திரி வந்தார். பீம் போட்டு, சுவரைப் புதிதாக எழுப்பி, மேலே தளம் போட்டார்கள். ஜன்னலே வேண்டாம் என்று என் கணவர் சொன்னாராம். "அது அந்தப் பொண்ணு கேட்டது. வெச்சே ஆவணும்" என்று அத்தை ஒரே பிடியாக நின்றிருக்கிறார். தாளிக்கும் புகை பட்டில் படியக் கூடாதென்று மாமா அதற்குக் கண்ணாடிக் கதவு போடச் சொன்னாராம்.

குழந்தைக்கு மூன்றாம் மாதம் நான் வீடு திரும்பியபோது மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள். அத்தையின் மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. நூல் சுற்றுவதை மாமாவே பார்த்துக்கொண்டார். மறுநாள் காலை அத்தை பின்பக்கம் காலை நீட்டி உட்கார்ந்து, குளிப்பாட்டக் குழந்தையைக் கால்மேல் போடச் சொன்னார். நான் தயங்கினேன். அந்தக் கை பிடிக்குமா, நழுவினால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம். அது அவருக்கும் தெரிந்தது.

"நான் பிடிச்சிக்கினு தேய்க்கிறேன். நீ ஊத்து" என்றார்.

முதல் சொம்பிலேயே குழந்தை முகம் சிவந்து வீறிட்டது. நான் நிறுத்தினேன்.

"கத்தட்டும், கத்தட்டும்" என்றார் அத்தை, இடது கையால் அதன் கழுத்தடியைத் தாங்கியபடி. "நீ ஊத்தும்மா."

நான் ஊற்றினேன்.