யாரோ கை வைத்த கம்ப்யூட்டர்

"யாரோ கை வெச்சிருக்காங்க! நான் பாக்கறதுக்கு முன்னாடியே எவனோ இதுல கை வெச்சிருக்கான்!"

மலையூரான நாரினின் சந்தையில் இரும்பு கன்டெய்னருக்குள் கடை போட்டிருந்த ஷெய்ஷென், எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் முதலில் இதைத்தான் சொல்வார். மூடியின் திருகாணி லேசாகத் தேய்ந்திருந்தால் போதும். உள்ளே தூசி இருந்தாலும் சொல்வார், தூசியே இல்லாவிட்டால் இன்னும் சத்தமாகச் சொல்வார். வீட்டில் சூப்பில் உப்புக் கூடினாலும் அதேதான், சமைத்த மனைவி ஜீபெக் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். "ஆமா, நான்தான் வெச்சேன். பின்ன பக்கத்து வீட்டுக்காரி வந்தா வைப்பா?" என்று கரண்டியை ஓங்குவாள்.

ஊரே அவரைப் பைகே என்றுதான் கூப்பிடும், அண்ணன் முறை வைத்து. மலைமேல் வானிலை நிலையத்தில் கருவிகளைப் பழுது பார்த்தவர். நிலையத்தை மூடியபோது எல்லோரும் கதவு, ஜன்னல் என்று கழற்றிக்கொண்டு போக, இவர் ஈயம் பற்றவைக்கிற கம்பியை மட்டும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். கம்ப்யூட்டர் வேலையை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. செத்துப்போனதை எல்லாம் வாங்கி அறுத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். எதையும் எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுகிற ஆள் என்பதால், அவருடைய ஒவ்வொரு சாமானிலும் ஜீபெக் ஒரு கண்ணேறு மணியைக் கோத்துக் கட்டியிருந்தாள். கறுப்பு மணி, அதில் வெள்ளைப் புள்ளி. திருப்புளியில் ஒன்று, கண்ணாடியில் ஒன்று, போனில் ஒன்று. கண்ணும் படாது, காணாமலும் போகாது.

அதே ஊரில் மாமியாரோடும் குழந்தையோடும் இருந்த சல்கினுக்கு அவர் குரல் அப்படியே வரும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதுபோல் கையைத் தூக்கி, மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சி, "எவனோ கை வெச்சிருக்கான்!" என்று மாஸ்கோவில் கட்டட வேலையில் இருக்கும் புருஷனுக்குப் போனில் செய்து காட்டுவாள். அவன் சிரித்துவிட்டு, கூட வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டு மறுபடி செய்யச் சொல்வான். குரல் வளம்தான் அவளுக்குச் சோறும் போட்டது. தலைநகர் பிஷ்கெக்கில் உள்ள ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தே வேலை. பல் வலிக்கிறது என்று அழுகிறவர்களுக்கு இதமாகப் பேசி, டாக்டரிடம் நேரம் வாங்கித் தருவது.

குளிர்காலத்தில் கரண்ட் போவதும் வருவதுமாக ஆட்டம் காட்டியதில் அவளுடைய கம்ப்யூட்டர் புகைந்துவிட்டது. பைகே போர்டையும் டிஸ்க்கையும் மாற்றி, தானே சுமந்துகொண்டு வந்து மேஜையில் வைத்தார். ஓடியது. மாமியார் கலிமா விடவில்லை.

"ஏய் ஷெய்ஷென், புதுசைப் பாத்துட்டு வெறுங்கையோட போறியா? பாத்ததுக்குப் பரிசு எங்க?"

"பெரியம்மா, அதைப் புதுசாக்கினதே நான்தானே!"

"ஆக்கினவனுக்குக் கண்ணு இல்லியா? நீயும்தான் பாத்தே. வை."

புதிய சாமானோ புது மருமகளோ, முதலில் பார்க்கிறவர் ஏதாவது கொடுத்தாக வேண்டும். பைகே பையெல்லாம் தடவினார். கிடைத்தது ஒரு பென் டிரைவ், ஜீபெக் கட்டிய மணியோடு. "இந்தாங்க, காப்பு!" என்று கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகிவிட்டார். மணி ஆடியது. கலிமா திருப்தியாக இரு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டு ஆமீன் சொன்னார்.

அந்த வாரமே கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் எல்லாக் கம்ப்யூட்டரிலும் விண்டோஸின் பெரிய அப்டேட் ஏறியிருக்க வேண்டும். ஏறாததை அதற்கப்புறம் உள்ளே விடமாட்டார்கள்.

சல்கின் பொத்தானை அழுத்தினாள். ஏறியது, ஏறியது, அணைந்தது, எழுந்தது. பிறகு ஆபீஸ் குமாஸ்தா ஜன்னலைச் சாத்துகிற மாதிரி ஒரு வரி வந்தது: முடிக்க இயலவில்லை, மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம், அணைக்க வேண்டாம்.

திரும்ப அழுத்தினாள். திரும்ப அதே குமாஸ்தா.

வேலை போனால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அம்மா என்றால் போன் திரை. அவளும் மாஸ்கோ வண்டி ஏற வேண்டியதுதான். மகள் செசிமுக்கு இரண்டு வயது. இப்போதே அப்பா என்றால் போனைத்தான் காட்டுகிறது.

மணி வழியில் விழுந்துவிடும் என்று மாமியார் அதைக் கழற்றி வைத்துக்கொள்ள, சல்கின் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனாள். பைகே திறந்தார்.

"யாரோ கை வெச்சிருக்காங்க!"

"நீங்கதான் பைகே வெச்சீங்க. போன வாரம்."

"நான் வெச்சா அது கை இல்ல, வைத்தியம்."

போர்டைச் சோதித்தார், டிஸ்க்கைச் சோதித்தார், மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவ்வளவு பெரிய அப்டேட்டை இறக்க அவர் கடையில் இன்டர்நெட் கிடையாது, போனில் வருவதுதான். "வீட்டுக்குப் போய் ஏத்து. இந்தத் தடவை குதிரை மாதிரி ஓடும்" என்று அனுப்பினார். வீட்டில் மாமியார் மணியை எடுத்து, மறக்காமல் முன்பு இருந்த இடத்திலேயே செருகினார். குதிரை பாதி தூரம் ஓடிவிட்டு, திரும்பி லாயத்துக்கே வந்து நின்றது.

மறுபடி கடை. புதிய டிஸ்க்கைத் துடைத்து, விண்டோஸை முதலிலிருந்து போட்டார். மறுபடி வீடு, மறுபடி மணி, மறுபடி குமாஸ்தா. சந்தையில் பேச்சு கிளம்பியது: ஷெய்ஷென் செகண்ட் ஹேண்ட் போர்டைப் புதுசு என்று மாட்டிவிட்டானாம். அது காதில் விழுந்த அன்று அவர் கடையைச் சாத்திவிட்டு, காதுவரை குல்லாவை இழுத்துக்கொண்டு சல்கின் வீட்டுக்கே வந்துவிட்டார். வியாழக்கிழமை மதியம்.

அடுப்பு எரிந்தது. எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் தட்டு வந்தது. கலிமா தேநீர் ஊற்றினார், கோப்பையை விளிம்புவரை நிறைத்து. அரைக் கோப்பை ஊற்றினால் இன்னும் இரு, பேசு, மறுபடி ஊற்றுகிறேன் என்று அர்த்தம். நிறைத்து ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு. பைகே கோப்பையைப் பார்த்தார். அதைத் தொடாமல் தரையில் மண்டியிட்டு மேஜைக்குக் கீழே போனார்.

"சல்கின், இதுல சொருகினது அத்தனையும் புடுங்கு. பிரின்டரு, கேமரா, ஹெட்போன், எல்லாம். மானிட்டரும் கீபோர்டும் போதும். பச்சப்புள்ள மாதிரி வெறும் உடம்போட நிக்கட்டும்."

அவள் பிடுங்கினாள். மேஜைமேல் ஒயர்க் குவியல். "எல்லாம் ஆச்சு" என்றாள். குனிந்து பார்த்து அவரும், "எல்லாம் ஆச்சு" என்றார். மணி அங்கேயேதான் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் அது மணி, பிள்ளையின் கழுத்தில் கிடக்கிற மாதிரி.

அப்டேட் ஏறியது, அணைந்தது, எழுந்தது, குமாஸ்தா வந்தார்.

"யாரோ..." என்று ஆரம்பித்த பைகே முடிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தார். சல்கின் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. "என் போர்டு நல்ல போர்டும்மா" என்றார், மெதுவாக. "அது மேல சத்தியமாச் சொல்றேன். நாளைக்கு உன்னை வெளிய தள்ளினா, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உன் புருஷன்கிட்டப் பேசுவேன்?"

அவளுக்கு அழுகை முட்டியது. அழாமல் இருப்பதற்காக இன்னொரு தடவை பொத்தானை அழுத்திவிட்டு, அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து கம்ப்யூட்டரின் முதுகுதான் தெரிந்தது. திரை அணைந்து மறுபடி எழும்பிய நொடியில், மணிக்குப் பின்னால் சின்னதாக ஒரு நீல வெளிச்சம் மினுக்கியது.

"பைகே, மணி ஏன் கண்ணடிக்குது?"

"என்னது?"

"இப்ப எழும்பறப்போ. அதுக்குப் பின்னால வெளிச்சம் வந்துச்சு."

பைகே கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். பார்த்தார். காது சிவந்தது, பிறகு கழுத்து.

புது போர்டு எழும்பும்போதெல்லாம் முதலில் மணியோடு தொங்கிய பென் டிரைவிடம்தான் வழி கேட்டிருக்கிறது. மற்ற நாளில் அங்கே ஒன்றும் கிடைக்காமல் தானே டிஸ்க்குக்கு வந்துவிடும். அப்டேட் பாதியில் அணைந்து எழும்பும் நேரத்தில் மட்டும் அந்தத் தடுமாற்றத்தில் வழி தவறி, முடியவில்லை என்று கையை விரித்திருக்கிறது. கடைக்கு வரும்போது மணி வீட்டிலேயே தங்கிவிடும். அதனால் அவர் கண்ணில் அது படவே இல்லை.

பிடுங்கக் கை நீட்டினார். கலிமா அடுப்புப் பக்கமிருந்து கத்தினார்.

"தொடாதே! புதுசு மேல இருந்து கண்ணேறு மணியை எடுப்பாங்களா? ஏற்கனவே எவ கண்ணோ பட்டுத்தான் இந்தப் பாடு!"

"அபா," என்று மாமியாரை அழைத்தாள் சல்கின், "நாளைக்கு இது ஏறலைன்னா நான் போயிடுவேன். செசிம் உங்ககிட்டதான் இருப்பா."

கலிமா கீழே குனிந்து பார்த்தார். குழந்தை அவர் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு போர்சோக் மென்றுகொண்டிருந்தது.

"பெரியம்மா," என்றார் பைகே, "மணி போக வேணாம். வால் மட்டும் போகட்டும்." பல்லால் நூலைக் கடித்து மணியைத் தனியாகப் பிரித்து, மானிட்டர் மூலையில் முடிச்சுப் போட்டுக் கட்டினார். பென் டிரைவைக் கோட்டுப் பைக்குள் போட்டார். கலிமா எழுந்து வந்து முடிச்சை இழுத்துப் பார்த்தார். "இன்னொரு முடிச்சுப் போடு" என்றார். போட்டார்.

அப்டேட் ஏறியது, அணைந்தது, எழுந்தது. குமாஸ்தா வரவில்லை. வந்தது வேறொரு வரி: கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அதற்கப்புறம் வணக்கம்.

சல்கின் கம்பெனிக்குள் போய்ப் பார்த்தாள். கதவு திறந்தது. உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள், செசிமை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு. செசிம் பாதி போர்சோக்கை அவள் வாயில் திணித்தது. கலிமா வெளியே போய், வாசல் வழியாகப் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "எங்க ஷெய்ஷென் போர்டு சுத்தமான புதுசு, தெரிஞ்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

இன்றைக்கும் சல்கின் காலையில் வேலைக்கு உட்காரும்போது அந்த மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஹெட்போனை மாட்டுகிறாள். பல் வலிக்காரர் ஒருவர் கத்தும்போது மடியில் குழந்தையின் கனம் தெரியும். அப்போதெல்லாம் பைகேவுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறாள். அவர் குரலில் கேலி செய்வதை மட்டும் இன்னும் விடவில்லை.

அன்றைக்கே விடவில்லை. கண்ணைத் துடைத்த கையோடு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதுபோல் செய்து, மூக்கை உறிஞ்சி, அவர் குரலிலேயே, "யாரோ கை வெச்சிருக்காங்க! யாரு பைகே அது?" என்றாள். கலிமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பைகே ஆறிப்போன அந்த நிறைந்த கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, காலிக் கோப்பை ஒன்றை எடுத்து நீட்டினார்.

"நான்தான் வெச்சேன், போதுமா? ஊரெல்லாம் சொல்லிக்கோ, உன் புருஷனுக்கும் போன் போட்டு என் குரல்லயே சொல்லு. ஆனா ஒண்ணு, கண்ணு படக்கூடாதுன்னுதானே குடுத்தேன்? மாஸ்கோ உன் மேல கண்ணு வெச்சுது, கூட்டிக்கிட்டுப் போச்சா? போகலேல்ல? அப்ப மணி அது வேலையைச் செஞ்சுடுச்சு, நான்தான் குறுக்க நின்னேன். சரி சரி, டீ ஊத்து, அரைக் கோப்பையா ஊத்து, நான் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுத்தான் போவேன்!"