ரெட்டியார்பாளையத்துச் சொல்தா கேட்ட ஒரே கேள்வி

எங்கள் முப்பதாவது திருமண நாளுக்காக இந்த ஜனவரியில் புதுச்சேரி போனோம். எனக்கு அப்படித்தான் சொல்லப்பட்டது. பெட்டியைத் திறந்தால் சட்டைகளுக்கு மேல் ஒரு கட்டு கேள்வித்தாள். என் கணவர் கர்னலாக ஓய்வு பெற்ற கையோடு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர். ஒரு நாடு இன்னொரு நாட்டுப் படைக்குக் கொடுக்கும் பயிற்சி உதவி பற்றிய ஆய்வு. அவரே ஓராண்டு வெளிநாட்டில் நாற்பது பேருக்குப் பயிற்சி கொடுத்தார். பிறகு அங்கே சண்டை மூண்டு அந்தப் படையே சிதறிவிட்டது. அதைப் பற்றிய கடைசி அத்தியாயம் இரண்டு வருடமாக நகரவில்லை. நான் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார்.

சென்னையில் காலை ஆறு மணிக்குப் பேருந்து. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 150 கிலோமீட்டர், மூன்றே முக்கால் மணி நேரம். பேருந்து நிலையத்திலிருந்து ரெட்டியார்பாளையத்துக்கு ஆட்டோ 150 ரூபாய். ஓட்டுநர் இருநூறு கேட்டார், நான் விடவில்லை.

நாங்கள் பார்க்கப்போனது லூயி என்பவரை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர். இந்த ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். அவரும் ஆப்பிரிக்காவில் பயிற்சி கொடுத்திருக்கிறார். காபி வந்தது. கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் கேள்விக்குத் தயாரானார்.

"அது கெடக்கட்டும் சார். நீங்க பழக்குன பசங்க பேரு சொல்லுங்க" என்றார் லூயி.

கணவர் மாட்டிய கண்ணாடியைக் கழற்றினார். பயிற்சியில் ஒவ்வொருவர் சட்டையிலும் ஓர் எண் இருக்குமாம். பெயர்கள் வாயில் நுழையாததால் ஓராண்டும் எண்ணைச் சொல்லியே கூப்பிட்டிருக்கிறார்.

"பதினேழு நல்லா ஓடுவான். முப்பத்திரண்டுக்கு அங்க இருக்கும்போதே பொண்ணு பொறந்தா. உயிரோட இருக்கானான்னு தேடக்கூட பேரு தெரியல" என்றார்.

முப்பது வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. பாவமாக இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன்.

லூயி தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அத்தனை பேருக்கும் பிரெஞ்சுப் பேரா வச்சுட்டேன் சார். பியேரு, மிஷேலுன்னு. இப்ப எந்தப் பியேரத் தேடுவேன்?"

இரண்டு மணி வரை இருவரும் பேசினார்கள். கேள்வித்தாளை யாரும் தொடவில்லை.

இப்படி ஆட்களைச் சந்திக்கப் போகிறவர்கள் காலை பத்தரைக்கே போய்விடுங்கள். மதியம் ஊர் தூங்கும், கடைகளும் மூடியிருக்கும். அன்றைக்கு வேறு எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ளாதீர்கள். மாலை ஆறுக்கு மேல் ஊருக்குள் இருக்கும் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள், நிம்மதியாக நடக்கலாம். அங்கேதான் கணவர் திடீரென்று நின்றார். கடைசி அத்தியாயத்தின் முதல் வரி கிடைத்துவிட்டது என்றார்.

"நான் பயிற்சி கொடுத்த நாற்பது பேரில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது."

அதையே எழுதுங்கள் என்றேன்.