அப்பிள் மரங்களை எழுப்பப் போன மாலை

போன வருடம் ஜனவரியில், டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் கிரின்ஸ்டெட் ஊரில் நடந்தது இது. எங்கள் ஒரே மகன் இறந்து அப்போது அதிக நாளாகவில்லை. விடியற்காலையில் தொழிற்சாலை வேலைக்குக் காரில் போனவன், உறைபனியில் வழுக்கி எதிரே வந்த லொறியில் மோதிவிட்டான்.

அதற்குப் பிறகு கணவரும் நானும் ஒரே வீட்டில் இருந்தோமே தவிர, கதைப்பதில்லை. அவர் ஜன்னலோரம் இருப்பார். நான் சமைப்பேன், பிறகு அதைக் கொட்டுவேன். எனக்கு அழுகைகூட வரவில்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் எல்லோருக்கும் பொதுவான அப்பிள் தோட்டம் ஒன்று இருக்கிறது. இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த ஓர் ஆங்கிலேயப் பெண், தன் ஊர் வழக்கம் ஒன்றை அங்கே தொடங்கி வைத்திருந்தாள். நடுக்குளிரில் மரங்களுக்குப் பாட்டுப் பாடி, வேரில் அப்பிள் சாறு ஊற்றி, கிளைகளில் வாட்டிய பாண் ரொட்டித் துண்டுகளைத் தொங்கவிடுவார்கள். கடைசியில் சட்டி பானைகளைத் தட்டிக் கெட்டதை விரட்டி, உறங்கும் மரங்களை எழுப்புவார்கள். அப்போதுதான் அடுத்த பருவம் நன்றாகக் காய்க்குமாம்.

அவள் வீட்டுக்கே வந்து, "சும்மா வந்து நின்றால் போதும்" என்று டேனிஷில் சொன்னாள். கணவரைக் கேட்டேன்.

"நீ போ. எனக்கு ஏலாது," என்றார்.

ஒரு சட்டியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போனேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இலையில்லாத மரங்களைச் சுற்றி அயலவர்கள் நின்று பாடினார்கள். "இனி எழுப்புவோம்" என்று அவள் சொன்னதும் எல்லோரும் தட்டினார்கள், நானும் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவர்கள் நிறுத்திவிட்டார்கள். என் கை நிற்கவில்லை.

"எழும்படா தம்பி, வேலைக்கு நேரமாச்சு, எழும்பு" என்று கத்திக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் மகனுடைய அறை வாசலில் நின்று நான் சொல்வது அது.

அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் யாரைக் கூப்பிடுகிறேன் என்று விளங்கியிருக்க வேண்டும். என்னைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். எதிர்வீட்டு மனிதர், இத்தனை வருடத்தில் தலையாட்டுவதற்கு மேல் எதுவும் கதைக்காதவர், பக்கத்தில் வந்து நின்று தன் வாளியை மறுபடி தட்டத் தொடங்கினார். பிறகு மற்றவர்களும். என் கை சோர்ந்து சட்டி கீழே விழும்வரை ஒருவரும் நிறுத்தவில்லை.

அவரே என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். கதவைத் திறந்த கணவரின் முகம் நனைந்திருந்தது.

"நீ கூப்பிட்டது இஞ்சை கேட்டது," என்றார். "நான் போய் அவன்ரை அறையைத் திறந்து பாத்தனான்."

வாசலிலேயே இருவரும் உட்கார்ந்து அழுதோம்.

அந்த வருடம் மரங்கள் நிறையவே காய்த்தன. ஒரு பழத்தைக்கூட என்னால் வாயில் வைக்க முடியவில்லை. வீட்டில் வெறுமை அப்படியேதான் இருக்கிறது. அவன் எழும்ப மாட்டான் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் என்னோடு சேர்ந்து தட்டினார்களே, அதை நினைத்துக்கொண்டுதான் சில காலைகளில் கட்டிலை விட்டு இறங்குகிறேன்.