வல்லத்தில் ஓடிய கடலை மிஷின்

செஞ்சிக்குப் போகிறவர்கள் கோட்டைக்காகப் போவார்கள். அறுபதுகளின் கடைசியில், ஓர் ஆனி மாதம், நான் போனது தனகோட்டிக்காக. பள்ளித் தோழன். செஞ்சிக்கு வெளியே ஏரும் பம்பும் செய்த ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தான். ஆட்குறைப்பு என்று சொல்லி ஒரே நாளில் நாற்பது பேரை அனுப்பினார்கள். அவனும் அதில் ஒருவன். நான்கு மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது: "ஒன்பது பேர் சேர்ந்து கடலை உடைக்கும் மிஷின் செய்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வல்லத்தில் ஓட்டிக் காட்டணும். வா."

எழும்பூரில் காலை ஆறு மணிக்குப் பாசஞ்சர், ஒன்பதரைக்குத் திண்டிவனம். அங்கிருந்து செஞ்சி பதினேழு மைல், பஸ்ஸில் எண்பது பைசா. பாதி பஸ் காலி. "கம்பெனி ஆளுங்க வந்தப்போ நிக்க எடம் இருக்காது சார். இப்ப சீட்டெல்லாம் காத்தாடுது" என்றார் கண்டக்டர். கடைத்தெரு ஓட்டலில் மதியச் சாப்பாட்டையே நிறுத்தியிருந்தார்கள். இட்லிதான் கிடைத்தது.

மிஷினை மாட்டு வண்டியில் ஏற்றி, ஆறு மைலை இரண்டே கால் மணி நேரத்தில் கடந்தோம். (வண்டியில் உட்கார்ந்து வந்ததைவிட நடந்திருக்கலாம்.) வல்லத்தில் அஞ்சலையம்மா எட்டு ஏக்கர் கடலை போடுகிறவர். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்: "இது வெதைக் கடலை தம்பி. பருப்பு ஒடஞ்சா மொளைக்காது. ஒடச்சீங்கன்னா மிஷின எடுத்துக்கினு போயிடணும்."

முதல் கூடையைக் கொட்டிக் கைப்பிடியைச் சுற்றினார்கள். பாதிப் பருப்பு இரண்டாகப் பிளந்து விழுந்தது. ஒன்பது பேரில் ஒருவர் வண்டியில் மாட்டைப் பூட்டவே போய்விட்டார்.

தனகோட்டி குனிந்து பார்த்தான். "ஜல்லடை மேல ஏறிக்கிச்சிடா. ஸ்பானரக் குடு." பருப்பு நசுங்காமல் விழ இடைவெளி கிடைக்கும்படி, ஒரு வாஷர் கனத்துக்குச் சல்லடையைக் கீழே இறக்கினான். "ஒரே ஒரு கூடை, அம்மா" என்றான். அஞ்சலையம்மா யோசித்துவிட்டுத் தாமே கொட்டினார்.

இரண்டாவது கூடையை முறத்தில் புடைத்தார். விரலால் துழாவினார். மறுபடி துழாவினார்.

"இன்னாப்பா இது, என் கையால உரிச்ச மாதிரியே இருக்குது! மூணு செய்யி. எனக்கு ஒண்ணு, எங்க அண்ணனுக்கு ஒண்ணு, அனந்தபுரத்துல எங்க சம்பந்திக்கு ஒண்ணு."

ஒன்பது பேரும் போட்ட கூச்சலில் மாடு மிரண்டது. தனகோட்டியைத் தூக்கிவிட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே அழுதான்.

மறுநாள் விடியலில் இருவரும் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறினோம். நீங்களும் ஆறு மணிக்கு முன் தொடங்குங்கள். எட்டுக்கு மேல் பாறை கொதிக்கும். தண்ணீர் கீழேயே எடுத்துக்கொள்ளுங்கள். குரங்குகள் இருப்பதால் பையை மூடியே வையுங்கள். எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. வேலை போன நாற்பது பேரில் பலர் அதற்குள் மதராஸ் பக்கம் போய்விட்டிருந்தார்கள், எல்லாருக்கும் நல்லது நடந்துவிடவில்லை. ஆனால் உச்சியில் மூச்சு வாங்க நின்றபோது தனகோட்டி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னான்:

"ஆடி வெதைப்புக்குள்ள மூணு மிஷினையும் முடிக்கணும்னா ஒன்பது பேரு பத்தாதுடா. இன்னும் அஞ்சு ஆள வேலைக்கு எடுக்கணும்."