ஜிப்பு மூடாத ஜெர்சி

போன வாரம் பினாங்கில் எங்கள் சுங்கை பினாங் அடுக்குமாடி லிப்டில் ஏறினேன். எனக்கு முன்னால் யாரோ உடம்பெல்லாம் தைலம் தடவிக்கொண்டு போயிருக்க வேண்டும். கதவு மூடியதும் கற்பூரமும் யூகலிப்டஸும் கலந்த நெடி குப்பென்று ஏறியது. பக்கத்தில் நின்ற அக்கா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நானோ நெஞ்சு நிறைய இழுத்தேன். இறங்க வேண்டிய மாடியை விட்டுவிட்டு மேலே போய்த் திரும்பி வந்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. அந்த நெடிதான் ஒரு காலத்தில் எனக்குச் சோறு போட்டது.

அப்போது ஒரு சைக்கிள் பந்தயக் குழுவில் மசாஜ் பார்க்கிற வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டிவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடுகிறார்களே, அந்தக் குழு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பையன்கள் மாதச் சம்பளத்துக்கு ஓட்டினார்கள். தமிழ், மலாய், சீனம் என்று மூன்று மொழியிலும் முனகுவார்கள். கெண்டைக்காலை அழுத்தும்போது மட்டும் எல்லோரும் ஒரே மொழியில் "அம்மா" என்றுதான் கத்துவார்கள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

என் அம்மாவுக்குத்தான் இந்த வேலை பிடிக்கவில்லை. "பேக்டரி வேலய உட்டுட்டுப் போயி ஆம்பளைங்க கால அமுக்குறியா? வெளிய சொல்லிக்க முடியுதா லா?" என்று தினமும் ஒரு பாட்டு. ஒரு தீபாவளிக்குப் பையன்களை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அரைக்கால் சட்டையோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். அம்மா முறுக்குத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். பந்தயக்காரர்கள் காலில் ஒரு முடி இல்லாமல் வழித்துவிடுவார்கள். மசாஜுக்கும் நல்லது, விழுந்து அடிபட்டால் மருந்து போடவும் சுலபம். இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். "என்னமோ போ, பொண்ணு பாக்க வந்தா பொண்ணு கால விட மாப்ள கால் வழவழன்னு இருக்கும்" என்றார். அதற்குப் பிறகு அவர்களுக்கு மீன் பொரித்து அனுப்பாத வாரம் கிடையாது.

கால் ஞாபகம் வந்தாலே தினேஷ் ஞாபகமும் வந்துவிடும். கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாம் பையன். ஃபெரிக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை மிதித்தே வேகம் பழகியவன். கடைசி இருநூறு மீட்டரில் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. ஒரே ஒரு குறை. வெயில் தாங்க மாட்டான். மேடு ஏறும்போதே ஜெர்சியின் ஜிப்பை வயிறுவரை இறக்கிவிடுவான்.

இந்த ஜிப்பு விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் அது ஒரு சாமி கும்பிடுகிற மாதிரி. வழியில் எப்படி வேண்டுமானாலும் திறந்து போட்டுக்கொள்ளலாம். முடிவுக் கோட்டைத் தாண்டுமுன் கழுத்துவரை இழுத்து மூடிவிட வேண்டும். நெஞ்சில் இருக்கிற கம்பெனி பெயர் போட்டோவில் தெரிய வேண்டும் அல்லவா? படியளக்கிறவர் பெயர் அது. அதனால் முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஆரஞ்சுத் தொப்பியோடு நின்று, "ஜிப்பு! ஜிப்பு!" என்று கத்துவதும் என் வேலையில் சேர்ந்துவிட்டது. என் தொப்பியைப் பார்த்தாலே பையன்கள் கை நெஞ்சுக்குப் போகும்.

அப்படி மூடி மூடிக் காட்டிய கம்பெனி ஒருநாள் கைகழுவிவிட்டது. புதிதாக வந்த முதலாளிக்குக் கோல்ஃப்தான் பிடிக்குமாம். சீசன் முடிவதற்குள் வேறு ஆள் கிடைக்காவிட்டால் குழுவை மூட வேண்டியதுதான் என்று எங்கள் மேனேஜர் பாலா அண்ணன் சொன்னார். திரும்பவும் பேக்டரிக்குப் போக எனக்கு மனமில்லை. அந்த வேலையை நான் அவ்வளவு நேசித்தேன்.

பாலா அண்ணனோடு நானும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். "சைக்கிளுக்குப் பெட்ரோலே வேணாமே, அப்புறம் எதுக்குக் காசு?" என்று ஒருவர் உண்மையாகவே சந்தேகம் கேட்டார். பூப்பந்துக்கு மாறிவிடுங்கள் என்று இன்னொருவர் புத்தி சொன்னார். மசாலைக் கம்பெனிக்காரர் மட்டும் வெறுங்கையோடு அனுப்பவில்லை, ஒரு பெட்டி கறித்தூள் கொடுத்தார். பையன்கள் வியர்வையே கோழிக்கறி வாசம் அடிக்கும்வரை அதைச் சமைத்துப் போட்டேன்.

புது ஜெர்சி வந்தபோது நெஞ்சில் எழுத்தே இல்லை. வெறும் ஆரஞ்சு. பாலா அண்ணன் அதிலும் ஒரு கணக்குப் போட்டார். "காலியா இருக்குற கடைய எல்லாருக்கும் தெரியுற மாதிரி தொறந்து காட்டணும் லா. ஜெயிக்கிறவன் ஜிப்ப நல்லா இழுத்து மூடணும். இந்த எடம் காலின்னு ஊரே பாக்கட்டும்." எங்களுக்கும் சரியாகத்தான் பட்டது. விளைவு என்ன தெரியுமா? ஈப்போ பந்தயத்தில் முன்னால் வந்த தினேஷ், ஜெயித்துவிட்டோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்து, பயபக்தியோடு ஜிப்பை இழுத்தான். பின்னால் வந்தவன் முந்திக்கொண்டு போய்விட்டான். ஒன்றுமே எழுதாத சட்டையைக் காட்டுவதற்காகக் கையில் இருந்த வெற்றியைக் கோட்டைவிட்ட குழு உலகத்தில் எங்களைத் தவிர வேறு இருக்காது.

கடைசியாக ஜுருவில் டயர் வியாபாரம் செய்கிற ஒரு முதலாளி பிடி கொடுத்தார். "பினாங்கு ரேஸுக்கு நேர்ல வாரேன். பையன் ஜெயிச்சா, போட்டோ நல்லா வந்தா, பேசுவோம்" என்றார். சீசனின் கடைசிப் பந்தயம் அது. பாலிக் பூலாவ் மேடெல்லாம் சுற்றிக் கடலோரம் எஸ்பிளனேடில் முடியும். ஜெயித்தால் பிழைப்போம், இல்லையென்றால் அவரவர் வழி. அன்று காலை தினேஷுக்குக் கால் பிடித்துவிட்டேன். "ஜிப்ப மறக்காத" என்றேன். "மறப்பேனாக்கா?" என்றான். சிரிப்பு வரவில்லை அவனுக்கு.

எஸ்பிளனேடில் துண்டும் தண்ணீருமாக நின்றிருந்தேன். முதலாளி சொன்னபடி வந்தார். விருந்தினர் கூடாரத்தில் கறிபாப்பு சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, ஒங்க பாலாகிட்ட சொல்லிடுங்க. எங்க ஆளுங்க கம்ப்யூட்டர் கேம் டீமுக்கு சைன் பண்ணிட்டாங்க. ஏசி ரூம்லயே வெளாடுறாங்க, மழ வெயிலு ஒண்ணும் இல்ல."

"எப்பண்ணே?"

"போன வாரமே லா. வர்றேன்னு சொல்லிட்டேனே, அதான் வந்தேன்."

போன வாரமே! எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பாலா அண்ணன் பந்தயத்துக்குப் பின்னால் காரில் வந்துகொண்டிருந்தார். பையன்களோ ஒன்றும் தெரியாமல் இந்த ஆளுக்காக உயிரைக் கொடுத்து மிதித்துக்கொண்டிருந்தார்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வழக்கமான இடத்துக்கு ஓடினேன்.

வளைவில் மூன்று பேர் சேர்ந்து திரும்பினார்கள். நடுவில் ஆரஞ்சு. ஜிப்பு வயிறுவரை திறந்து கிடக்க, ஜெர்சி இரண்டு பக்கமும் படபடவென்று அடித்தது. தினேஷ் என் தொப்பியைப் பார்த்தான். பார்த்ததும் பழக்கதோஷம், வலது கை ஹேண்டிலை விட்டுக் கிளம்பியது. அந்த ஓட்டத்தில் ஒரு கையை எடுத்தால் ஈப்போ கதைதான்.

"மூடாதடா!" என்று கத்தினேன். "யாருக்கும் மூட வேணாம்! ஓட்டு! நீ ஓட்டுடா!"

அவன் முகத்தில் ஒரு விநாடி குழப்பம். அப்புறம் கை திரும்பப் போய் ஹேண்டிலைப் பிடித்தது. தலையைத் தாழ்த்தினான். மிச்சத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை, கத்திக்கொண்டே குதித்துக்கொண்டிருந்தேன். ஒரு சக்கர இடைவெளியில் ஜெயித்தான். மறுநாள் பேப்பரில் வந்த போட்டோவில் அவன் நெஞ்சும், வியர்வையும், கழுத்துச் சங்கிலியும்தான் தெரிந்தன. விளம்பரத்துக்கு ஒரு விரல் இடம்கூட இல்லை.

தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியவனிடம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டான், தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். அதற்குள் டயர் முதலாளி செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், ஜெயித்த குதிரையோடு நிற்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

"தம்பி, சூப்பர் லா! கொஞ்சம் ஜிப்ப மூடிக்க, ஒரு படம் எடுத்துக்குவோம்."

தினேஷ் அவரை அண்ணாந்து பார்த்தான்.

"வேர்க்குதுண்ணே. காத்து வாங்கட்டும்."

பக்கத்தில் வந்து நின்ற பாலா அண்ணன் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை.

குழு கலைந்தது. வேனை விற்றார்கள். ஜெலுத்தோங்கில் பையன்கள் தங்கியிருந்த வாடகை வீட்டில் இப்போது நாய் பூனைக்கு முடி வெட்டுகிறார்கள். தினேஷ் ஜுருவில் கார் பட்டறையில் வேலை செய்கிறான், கல்யாணமாகிவிட்டது, காலில் முடி வளர்ந்துவிட்டது என்று போனில் சொன்னான். நான் ஒரு மருத்துவமனையில் கிழவர்களுக்கு முழங்கால் மடக்கப் பயிற்சி கொடுக்கிறேன். பந்தயக் கூட்டம் வளைவில் திரும்பும்போது சக்கரங்கள் சேர்ந்து போடுமே ஒரு சத்தம், அது எஸ்பிளனேடில் கேட்டு வருஷங்களாகிவிட்டது. அது இல்லாமல் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் "பாவம், தோத்துப்போன டீம்" என்று யாராவது என் முன்னால் சொல்லிப் பார்க்கட்டும்.

சென்ற மாதம் மருத்துவமனையில் ஒரு பெரியவர் என் பழைய வேலையைப் பற்றிக் கேட்டார். பினாங்கில் ஜெயித்த கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு எல்லோரும் கேட்பதையே அவரும் கேட்டார்:

"அது எந்தக் கம்பெனி டீமும்மா?"

"எந்தக் கம்பெனியும் இல்லீங்கய்யா," என்றேன். "அன்னிக்கி நாங்க எங்களுக்கு ஓட்டினோம்."