உருட்டினால் எடுக்கும் ஜீப்

எங்கள் மலையில் ஒரு ஜீப் சாவி போட்டு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அதை யாரும் பழுது என்று சொல்வதில்லை. சரிவில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்திருப்பார்கள். காலையில் கல்லை எடுத்து, இரண்டாவது கியர் போட்டு, பத்தடி உருண்டதும் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஏற்காட்டில் சரிவுக்கா பஞ்சம்? கிளியூர் போகும் வழியில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலே ஒரு சறுக்குமரம். இப்படி உருட்டியே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சேலத்தில் சமதளத்தில் மாட்டிக்கொண்டால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வார்கள், அதையும் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள். சேலத்தில் ஒரு சர்வீஸ் பட்டறையில் எலக்ட்ரிக்கல் பிரிவில் வேலை. ஸ்டார்ட் ஆகாத வண்டிகள்தான் என் அன்றாடம். அதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முதலில் பேட்டரியின் வோல்டேஜ். பிறகு டெர்மினல்கள். பிறகு சாவி, ரிலே. பிறகு எர்த். கடைசியில்தான் எஞ்சினைச் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டாரைத் தொடுவேன். அளந்து பார்க்காமல் எந்தப் பொருளையும் மாற்றக்கூடாது என்பது எங்கள் பட்டறையில் சட்டம். வாரம் முழுவதும் ஹாஸ்டல். சனிக்கிழமை மாலை பஸ் ஏறி வீட்டுக்கு வருவேன். திங்கள் விடிகாலையில் அப்பா, அம்மாவோடு ஜீப்பிலேயே சேலத்துக்கு இறங்கிவிடுவேன்.

அந்தப் பயணம் அம்மாவுக்காக. அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. திங்களும் வியாழனும் டயாலிசிஸ். காலை ஏழரைக்கு மிஷின். எட்டரை தாண்டினால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரு முறை மலைப்பாதையில் பாறை விழுந்து போக முடியாமல் போனது. அந்த இரண்டு நாள் அம்மா படுக்கவே இல்லை. படுத்தால் மூச்சு முட்டியது. நாற்காலியில் உட்கார்ந்து மேஜைமேல் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றும், இன்னொரு முறை இப்படி விட்டால் பொறுப்பேற்க முடியாது என்றும் டாக்டர் சொன்னார். ஆக, அந்த ஜீப் எங்களுக்கு வெறும் வண்டி இல்லை.

அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். ஓய்வு பெற்றபோது எஸ்டேட்டின் பழைய டீசல் ஜீப்பையே வாங்கிக்கொண்டார். மழைக்காலத்துக்கு முன்னால் வண்டியின் அடிப்பாகம் முழுவதும் தார் பெயிண்ட் அடிப்பது எங்கள் ஊர் வழக்கம். இங்கே பனியும் ஈரமும் இரும்பைத் தின்றுவிடும். இந்த வருடமும் கடைவீதி மெக்கானிக் கழற்ற வேண்டியதைக் கழற்றி, கெட்டியாக இரண்டு கோட்டிங் அடித்துக் கொடுத்தார். பார்க்கப் பளபளவென்று இருந்தது. அந்த வாரத்திலிருந்து செல்ஃப் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறன்று அப்பா சாவியைத் திருப்பியபோது நான் பக்கத்தில் நின்றேன். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஹெட்லைட் மங்கவில்லை. ஹாரன் கணீரென்று அடித்தது. பேட்டரியில் பலம் இருக்கிறது, அந்தப் பலம் செல்ஃப் மோட்டாருக்குள் ஓடவில்லை என்று அர்த்தம். போகிற கரண்ட் திரும்பி வரவும் வழி வேண்டும். அந்த வழிதான் எர்த்: எஞ்சினையும் வண்டியின் சட்டமான சேஸையும் இணைக்கும் ஒரு செம்புப் பட்டை. குனிந்து பார்த்தேன். பட்டையைக் கழற்றி, சேஸுக்குப் பெயிண்ட் அடித்து, அந்தப் பெயிண்ட் மேலேயே திரும்ப முடுக்கியிருந்தார்கள். இரும்பும் செம்பும் தொடவே இல்லை. நடுவில் தார்.

அப்பாவிடம் சொன்னேன். மெக்கானிக்கிடம் கேட்கிறேன் என்றார். மெக்கானிக் பேட்டரி போச்சு என்றார். புது பேட்டரி வந்தது. டிக். அடுத்த வாரம் மறுபடி சொன்னேன். மெக்கானிக் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் மாற்றினார். டிக். மூன்றாவது வாரம் மீட்டரைக் கொண்டுவந்து, அப்பாவைச் சாவி திருப்பச் சொல்லி, எஞ்சினுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே அளந்து காட்டினேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் எட்டு வோல்ட். ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். சுட்டது. பட்டை வழியாகப் போக முடியாத கரண்ட் அந்தக் கம்பி வழியாகத் திரும்பப் பார்க்கிறது என்று விளக்கினேன். பெயிண்ட்டைச் சுரண்டி முடுக்கக் கால் மணி நேரம் போதும் என்றும் சொன்னேன்.

அப்பா என்னையே மெக்கானிக்கின் பட்டறைக்குக் கூட்டிப்போனார். மெக்கானிக் டீ குடித்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். அப்புறம் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஏனுங்க ரைட்டரய்யா, பாப்பா படிச்சது கம்ப்யூட்டர் சொருகிப் பாக்கிற வண்டிங்க. இது நம்ம வண்டி. உருட்டினா எடுக்குதுங்களா இல்லீங்களா?"

"எடுக்குதுங்க" என்றார் அப்பா.

"அப்புறம் என்னங்க. இருபது வருசமா நான் பெயிண்ட் அடிக்கிறேன். ஒரு வண்டியும் நிக்கல."

நிற்காததற்குக் காரணம் எல்லாரும் உருட்டுவதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் முழங்கையைத் தொட்டார். வரும் வழியில், மூத்த ஆள்கிட்ட அப்படிப் பேசக்கூடாது கண்ணு என்றார். நான் பேசவே இல்லையே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டு மாதம் உருண்டது. பிறகு ஒரு ஞாயிறு இரவு முழுக்க மழை. திங்கள் விடிந்து பார்த்தால், எங்கள் வாசலுக்கு எட்டடி கீழே சில்வர் ஓக் மரம் ஒன்று பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. ஜீப்பின் மூக்கு அந்த மரத்தைப் பார்த்து நின்றது. உருட்ட இடமில்லை. பின்னால் ரிவர்சில் ஏறினால் மேல் ரோட்டைப் பிடித்துவிடலாம். ஆனால் அதற்கு எஞ்சின் ஓட வேண்டும். மேல் ரோட்டுக்கு நடந்தும் போகலாம், அறுபது படி. அம்மாவால் ஆறு படி ஏற முடியாது. 108-க்கு அடித்தேன். வண்டி வேறொரு கேஸுடன் சேலத்துக்கு இறங்கியிருக்கிறது என்றார்கள்.

அப்பா சாவியைத் திருப்பினார். டிக். பத்து முறை திருப்பியிருப்பார். பக்கத்து வீட்டுச் சித்தப்பா வந்தார். லாரி ஓட்டுகிறவர், நல்ல மனிதர். அவர் சொல்லி செல்ஃப் மோட்டாரை இரும்புக் கம்பியால் தட்டினார்கள். பேட்டரி டெர்மினலில் வெந்நீர் ஊற்றினார்கள். பிறகு மூன்று பேரைக் கூப்பிட்டு வண்டியை மேட்டில் பின்னோக்கித் தள்ளினார்கள். அது ஒரு சாண் ஏறி, இரண்டு சாண் இறங்கியது. அம்மாவுக்குச் சேலையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்து, எர்த் பட்டை அப்பா என்றேன். இரு கண்ணு, பெரியவங்க பாத்துட்டிருக்கோம்ல என்றார். இருந்தேன். அதை இப்போதும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. என் பையிலிருந்து எடுத்த ஜம்ப்பர் கேபிளோடு, வாத்தியார் கூப்பிடக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி இருபது நிமிடம் நின்றேன்.

திரும்பிப் பார்த்தபோது அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"தள்ளுங்க" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சித்தப்பா விலகினார். கேபிளின் ஒரு கவ்வியைப் பேட்டரி நெகட்டிவிலும், இன்னொன்றை எஞ்சின் மேலிருந்த வெற்று இரும்புக் கொக்கியிலும் மாட்டினேன், பட்டைக்குப் பதிலாகக் கரண்ட் திரும்ப ஒரு வழி. "சாவி போடுங்கப்பா."

முதல் திருப்பிலேயே எடுத்தது. மூன்று மாதமாகக் கேட்காத செல்ஃப் சத்தம்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார் சித்தப்பா.

அப்பா கண்ணை மூடி ஆமென் சொன்னார். பிறகு அவரிடம் திரும்பி, வெந்நீர் ஊத்தினது இப்பத்தான் வேலை செய்யுது போலீங்க என்றார். நான் கேபிளைக் கழற்றிப் பையில் போட்டேன்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது எட்டு ஐம்பது. மிஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நர்ஸ்மேல் தப்பில்லை. எட்டரை வரை வைத்திருந்தேன் என்றாள், பார்த்தாலே உண்மை என்று தெரிந்தது. மதியம் ஒன்றுக்குத்தான் அடுத்தது காலியாகும். அதுவரை அம்மாவை ஆக்சிஜன் வைத்து உட்கார வைத்திருந்தார்கள். நாலு மணி நேரம். நான் அவள் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தேன். அப்பா வராந்தாவின் மறுகோடியில் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், திறக்கவில்லை. நான் அவரைப் பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள் வரிசை ஓடியது. பெயிண்ட் அடித்தது மெக்கானிக். அளக்காமல் பேட்டரி மாற்றியது மெக்கானிக். மீட்டரைப் பார்த்தும் நம்பாதது அப்பா. இரு என்றது அப்பா.

ஒன்றேகாலுக்கு மிஷின் ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் மூச்சு சீரானது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"வண்டிக்கு இதுதான் கோளாறுன்னு உனக்கு எப்பத் தெரியும் சாமி?"

"மூணு மாசம் முன்னாடியே தெரியும்மா. மூணு தடவை சொன்னேன். மீட்டர் வெச்சும் காட்டினேன்."

"எவ்வளவு நேர வேலை?"

"கால் மணி நேரம்."

"வண்டி நம்ம ஊட்டு வாசல்லதான நின்னுச்சு?"

ஸ்பேனர் ஒவ்வொரு வாரமும் என் பையில்தான் இருந்தது. உப்புத்தாளும் இருந்தது. பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்த ஜீப்பைத் தாண்டிச் சர்ச்சுக்குப் போய் வந்திருக்கிறேன். நீயே பாரு கண்ணு என்று அப்பா வாயால் ஒரு வார்த்தை வரட்டும் என்று இருந்தேன். அது வராமல் தொடக்கூடாது என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட ரோஷம்.

"அவர் உங்கிட்ட கேக்கக்கூடாதுன்னு இருந்தாரு. நீ அவர் கேக்கட்டும்னு இருந்த" என்றாள் அம்மா. குரலில் கோபம்கூட இல்லை, நொம்பக் களைப்பாக இருந்தாள். "வண்டியில போறது நானு."

சொல்லிவிட்டு முகத்தை மிஷின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் கீழே இறங்கினேன். ஆஸ்பத்திரியின் வண்டி நிறுத்துமிடம் தட்டையான சிமெண்ட் தரை. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் படுத்தேன். போல்ட்டைக் கழற்றி, சேஸில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தாரைச் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை உப்புத்தாள் தேய்த்தேன். பட்டையின் முனையையும் தேய்த்தேன். முடுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். நடுவில் அப்பாவின் செருப்புகள் வந்து நின்றன. நான் என்ன புடிக்கட்டும் என்று கேட்டார். எத்தனையோ பதில் இருந்தது.

"சாவி போடுங்க" என்றேன்.

எடுத்தது. நிறுத்திவிட்டு மறுபடி போடச் சொன்னேன். எடுத்தது. ஐந்து முறை போடச் சொன்னேன், ஐந்து முறையும் தொட்டவுடன் எடுத்தது. போதுமா கண்ணு என்று மேலேயிருந்து கேட்டார். நான் தரையில் படுத்தபடியே கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு முறை எஞ்சின் எடுத்தபோதும் என் கோபம் கூடியதே தவிர குறையவில்லை. இப்போது அதை அவர்மேல் மட்டும் வைக்க முடியவில்லை.