கல்யாண வீட்டுக்கு ஆகுமா? புது ஆல்பத்தின் ஆறு பாட்டும் என் அபிப்பிராயமும்

சுக்குத் தூள் ஒட்டிய விரலால் புதுக் கேசட்டைப் பிரித்தால் ஒரு வாசனை வரும்... பாதி பிளாஸ்டிக், பாதி சுக்கு. கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்குக் குடோனில் மூட்டை தூக்கிய நாட்களில் புதுப் பாட்டு என்றால் எனக்கு அந்த வாசனைதான்.

இப்போது பாட்டு போனில் வருகிறது. வாசனை இல்லை. ஆனால் பெயர் இருக்கிறது. பாட்டின் பெயரை நானே படித்துவிட்டுக் கேட்பது இந்த எழுபத்தொரு வயதில்தான் முதல் தடவை. போன வருஷம்தான் என் மனைவி அம்பிகாவிடம் எழுத்துப் படித்தேன்.

நம் தோப்பும்படிப் பெண் தமிழும் மலையாளமும் கலந்து பாடிய புது ஆல்பம். ஆறு பாட்டு.

முதல் பாட்டு, ‘கடைசிப் படகு’. டிரம்ஸ் சத்தம் படகு எஞ்சின் மாதிரியே துடிக்கிறது. பிடித்தது. கல்யாண வீட்டுக்கு ஆகும்.

இரண்டாவது, ‘மஞ்சள் குடை’. முதுகில் மூட்டையோடு நடக்கச் சரியான தாளம். நடு வரியில் அவள் மூச்சு விடுவது கேட்கிறது. அதை வெட்டாமல் விட்டது நல்லது. கல்யாண வீட்டுக்கு ஆகும்.

இதென்ன கல்யாண வீடு என்று கேட்பீர்கள்.

அன்று எங்கள் தெருவில், நாங்கள் ‘ஹம்சாக்கா’ என்று கூப்பிடும் ஹம்சா அண்ணனின் கேசட் கடை இருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் நூலில் கட்டிய ஒரு நோட்டு. புதுக் கேசட் கேட்டவர்கள் ஒவ்வொரு பாட்டும் எப்படி, அது கல்யாண வீட்டு ஸ்பீக்கருக்கு ஆகுமா ஆகாதா என்று அதில் எழுதுவார்கள். மற்றவர்கள் அதைப் படித்துவிட்டு வாங்குவார்கள். எனக்கு எழுத வராது. ஆனால் காது நல்ல காது என்று பெயர் இருந்தது. நான் சொல்வேன். எங்கள் குடோனில் எடை எழுதிய சுப்பையா என் பெயரைப் போட்டு எழுதுவான்.

ஒரு கேசட்டில் இரண்டாம் பக்கம் முழுக்க ஒப்பாரி. “சந்தோஷ வீட்டுல இதைப் போடவே கூடாது” என்று தெளிவாகச் சொன்னேன். சுப்பையாவும் குனிந்து எழுதினான்.

பத்து நாள் கழித்து, வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய சுகுமாரன் சேட்டன் குடோன் வாசலில் வந்து நின்றார். தங்கை நிச்சயத்துக்கு அந்தக் கேசட்டை வாங்கிப் போட்டிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் இலையில் உட்கார்ந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரில் ஒப்பாரி.

“எந்தா மணி, மாப்பிள்ளையோட அம்மை பாதிச் சோறுல எழுந்துட்டாங்க! நீயல்லே எழுதினே, எல்லாம் சூப்பர்னு?”

பன்னிரண்டு பேர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். சுப்பையாவிடம் கேட்டேன்.

“நீ எட்டுப் பாட்டுக்கும் பேசினதை எழுதினா நோட்டே தீர்ந்துரும்டா. சாயா வேற ஆறிப்போச்சு. அதான் சுருக்கிட்டேன்” என்றான்.

அதற்குப் பிறகு அந்த நோட்டுக்கு நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சுப்பையாவோடு சண்டை ஒரு வாரம்தான்.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன்.

மூன்றாவது, ‘சாயாக்கடை’. சிரிப்புப் பாட்டு. ஒரு தடவை சிரித்தேன், இரண்டாம் தடவை வரவில்லை. நான்காவது, ‘போனை எடு’. கிட்டார் நன்று, பாட்டு நீளம். ஆறாவதில் வெறும் ஹம்மிங். நான் தூங்கிவிட்டேன். குற்றம் பாட்டுடையதா என்னுடையதா, தெரியவில்லை.

ஐந்தாவதுதான் விஷயம். ‘திரும்பிப் பார்க்காதே’. ஊரே ஆடுகிறது. முதலில் நானும் காலால் தாளம் போட்டேன். பிறகு போனில் வரிகள் ஓடுவதைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அவன் அவளை விட்டுப் போகிறான். அவள் மோதிரத்தைக் காயல் தண்ணீரில் எறிகிறாள். அத்தனை வேகத்தில் பாடுவதால் காதில் ஆட்டம் மட்டும்தான் விழுகிறது.

அந்த நேரம் பார்த்து சுப்பையாவின் போன். ஞாயிற்றுக்கிழமை அவன் பேத்தி திவ்யாவுக்கு நிச்சயம்.

“மணி, அந்தப் புது ஆல்பம் போடலாமாடா?”

“அஞ்சாவது மட்டும் வேண்டாம்.”

“அதைத்தானே பிள்ளைங்க கேக்குது! நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீ எழுதி அனுப்பு.”

இரண்டு நாள் எடுத்தேன். “வாயால பேசுங்க, போனே எழுதிக்கும்” என்றாள் அம்பிகா. நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். பதினோரு வரி வந்தது. சனிக்கிழமை மாலை அனுப்பினேன்.

ஞாயிறு, விருந்துக்கு முன்னால் பிள்ளைகள் ஐந்தாவதைக் கேட்டுக் கத்தின. திவ்யா பட்டுப்புடவையோடு ஸ்பீக்கர் பக்கம் வந்தாள். அவளுக்கு மலையாளம்தான் வேகமாகப் படிக்க வரும். அதனால் சுப்பையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் எழுதியதை எல்லோருக்கும் உரக்கப் படித்தான். பதினோரு வரி. ஒரு வரிகூட விடவில்லை. நான் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.

அவன் முடித்ததும் திவ்யா என்னிடம் நேராக வந்தாள்.

“தாத்தா, மோதிரத்தை எறிஞ்சதும் அவ சிரிக்கிறா. அதை ஏன் எழுதலை? அது சோகப் பாட்டில்ல, தைரியப் பாட்டு!”

“நிச்சய வீட்டுல மோதிரத்தை எறியலாமா மோளே?”

“பாட்டுலதானே தாத்தா எறியறா! உங்க நாலாவது வரி தப்பு. ஏழாவதும் தப்பு.”

சாப்பாடு முடியும்வரை விடவில்லை. மாப்பிள்ளைப் பையன் என் பக்கம் சேர்ந்தான், அவனையும் திட்டினாள். கடைசியில் பாட்டைப் போட்டார்கள். யாரும் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை.

அன்று நான் சொல்லாத ஒன்றுக்காகப் பன்னிரண்டு பேர் முன்னால் பேச்சு வாங்கினேன். இன்று நானே எழுதியதற்காக, வரி எண் சொல்லி ஒரு பெண் என்னோடு சண்டை போடுகிறாள். படகில் திரும்பி வரும்போது அம்பிகா கேட்டாள், “தோத்துட்டு எதுக்கு இப்படிச் சிரிக்கிறீங்க?”

‘இது சோகப் பாட்டு’ என்ற ஏழாவது வரி தப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘மோதிரம் எறியும் பாட்டு நிச்சய வீட்டுக்கு ஆகாது’ என்ற நான்காவது சரிதான். அதற்கு அவளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்... இதுவரை மூன்று வரி ஆகியிருக்கிறது.